சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பவன்

ஸ்டேஷனில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். ஊசி போடுவார், மருந்து எழுதுவார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆள் இன்ஸ்பெக்டர். எந்த எலும்பு எங்கே முடிகிறது, எந்தச் சதைக்கு அடியில் எந்த நரம்பு ஓடுகிறது, எங்கே அடித்தால் வெளியே தெரியாது, எங்கே அடித்தால் ஒருவன் ஒரு வாரத்துக்கு நிமிர்ந்து உட்கார முடியாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. மற்ற இன்ஸ்பெக்டர்கள் கோபம் வந்தால் அடிப்பார்கள். இவருக்குக் கோபமே வராது. சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டு, ஒழுகுகிற குழாயைச் சரிபண்ணுகிறவர் மாதிரி குனிந்து அடிப்பார். நடுவில் நிறுத்தி டீ குடிப்பார். டீ ஆறிப்போயிருந்தால் மட்டும் கொஞ்சம் முகம் சுளிப்பார்.

அப்படிப்பட்டவர் கையில் போன வருஷம் ஒரு உயிர் போனது. ஒரு பெரிய மனிதர் வீட்டில் நகை காணாமல் போயிற்று. அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவன். இன்னொருவன் அவனுடைய மனைவியின் தம்பி, கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். எழுத்தும் எழுதுவான், கேட்டால் படமும் போடுவான். மாமனும் மச்சினனுமாக இரண்டு பேரையும் லாக்கப்பில் போட்டு இரவும் பகலும் விசாரித்தார்கள். விசாரித்தார்கள் என்பது ஸ்டேஷன் பாஷை. மூன்றாம் நாள் காலையில் பெயின்டர் ஜன்னல் கம்பியில் தொங்கினான். போர்வையைக் கிழித்துத் தானே மாட்டிக்கொண்டான் என்று கேஸ் எழுதினார்கள். நகையை எடுத்தது அந்த வீட்டு மருமகன் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? தொங்கினவன் எழுந்து வரவா போகிறான்?

பெயின்டரின் மனைவி சும்மா விடவில்லை. கோர்ட்டுக்குப் போனாள், பத்திரிகைக்குப் போனாள், ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து மண்ணை வாரி இறைத்தாள். கடைசியில் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜைப் போட்டு விசாரணை என்று ஆயிற்று. டாக்டரை சஸ்பெண்ட் பண்ணினார்கள்.

டாக்டரின் மச்சினன் வக்கீல். அக்கா வீட்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு விஷயத்தை உடைத்துச் சொன்னான்.

"மாமா, நல்லாக் கேட்டுக்கங்க. பிணப் பரிசோதனை நமக்குச் சாதகமாத்தான் இருக்கு. கூட இருந்த ரெண்டு கான்ஸ்டபிளும் வாயத் திறக்க மாட்டானுங்க, திறந்தா அவனுங்களும் சேந்து உள்ள போவானுங்க. மிச்சம் இருக்கிறது அந்தப் போர்டுக்காரன் ஒருத்தன்தான். விசாரணை அன்னைக்கு ஜட்ஜ் முன்னாடி அவன் வாயில என்ன வருதோ, அதுதான் உங்க தலையெழுத்து."

"அவனுக்குத்தான் கண்ணே வீங்கி மூடிப்போச்சேடா. தரையில கெடந்தான். என்னத்தப் பாத்திருப்பான்?"

"அதான் எனக்கும் புரியல. ஆள் விட்டுக் கேட்டுப் பாத்தேன், மிரட்டிப் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறான். 'சொல்ற இடத்துல சொல்லிக்கிறேன்'ங்கறான். நீங்க எதுக்கும் வம்புல மாட்டாம இருங்க. அந்தப் படம் பாக்கிற கிளாஸுக்கு மட்டும் ஒழுங்காப் போயிட்டு வாங்க. திருந்திட்டாருன்னு நாம ஜட்ஜுகிட்ட காட்டலாம்."

படம் பார்க்கிற வகுப்பு என்றால் சினிமா இல்லை. மேலிடத்தில் யாரோ ஒரு அதிகாரி எங்கேயோ வெளிநாடு போய், அங்கே போலீஸ்காரர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பார்க்கப் பழக்குகிறார்கள் என்று கண்டுகொண்டு வந்திருந்தார். ஒரு சித்திரத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவன் ஒரு மனிதனையும் ஒழுங்காகப் பார்ப்பான் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். பார்க்கத் தெரியாததால்தான் அடிக்கிறார்கள் என்று அவர் நம்பினார், பாவம். புகார் உள்ளவர்களாகப் பொறுக்கி எடுத்து, வாரம் ஒரு மத்தியானம் அனுப்பிவைத்தார்கள்.

ஓவியக் கூடத்தில் அவர்களுக்கு வாய்த்த டீச்சர் ஒல்லியான ஒரு பெண். எந்நேரமும் ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக வந்து, முதல் நாள் ஒரு பழைய படத்துக்கு முன்னால் அவர்களை நிறுத்தினாள். வேட்டை நாய்கள் ஒரு மானைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒன்று தொண்டையைக் கவ்வியிருந்தது, ஒன்று வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தது. தூரத்தில் ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"அந்தக் குதிரைக்காரன்தாங்க குற்றவாளி" என்றார் ஏட்டு. அவருடைய தொப்பைக்காக அவரைத் 'தொந்தி' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

"நான் தீர்ப்பு கேக்கல சார். என்ன இருக்குன்னு கேட்டேன்."

அன்றைக்கு முழுக்க அவள் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். 'கோபமாக இருக்கிறான்' என்று சொல்லக் கூடாது, 'புருவம் இறங்கியிருக்கிறது' என்று சொல்ல வேண்டும். அடுத்து, படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கண் முதலில் எங்கே போய் விழுகிறது, வரைந்தவன் எதை நடுவில் வைத்து எதை ஓரத்தில் தள்ளினான். அதற்கப்புறம்தான் அர்த்தம். நல்ல படமா, கெட்ட படமா என்கிற தீர்ப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

"நாங்க தலைகீழாப் பண்ணிக்கிட்டு இருந்தோம்" என்றாள் எஸ்.ஐ. அம்மாள். லாக்கப்பில் ஒரு பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடுங்கிய புகார் அவள்மேல் இருந்தது. "எங்களுக்குத் தீர்ப்பு மொதல்ல வந்துடும். அதுக்குத் தோதா மத்ததப் பாத்துக்குவோம்." எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் நாற்காலி தேடிக்கொண்டிருந்தபோது டாக்டர் மட்டும் படத்தின் அருகில் போய் நின்றார். இரண்டாவது வாரம் ஒரு போர்க்களப் படம். ஈட்டி பாய்ந்து ஒரு வீரன் விழுந்து கிடந்தான். எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். டாக்டர் காயத்தைப் பார்த்தார்.

"மேடம், இந்த ஈட்டி நிக்கும்போது பாயல. நிக்கும்போது பாஞ்சிருந்தா ரத்தம் தொடைப்பக்கம் இறங்கியிருக்கும். இது விலாவோட பக்கவாட்டுல போயிருக்கு. கீழ விழுந்தப்புறம் குத்தியிருக்கான். அதுவும் இன்னொருத்தன் தோளை மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கான். பாருங்க, தோள்ல மண்ணு அப்பியிருக்கு."

டீச்சர் கிட்டே வந்து பார்த்தாள். கைக்குட்டை கையிலேயே நின்றுவிட்டது. "பத்து வருஷமா இந்தப் படத்தப் பத்திப் பேசறேன் சார். அந்த மண்ணை நான் பாத்ததே இல்ல."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷ சர்வீஸில் அவரைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு, காறித் துப்பியவள்கூட உண்டு. மனசாரப் பாராட்டியவர் ஒருவரும் இல்லை. அதற்கப்புறம் வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தார். சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு எல்லாருக்கும் முன்னால் போய் நிற்பார். அறுந்த தலை, எரிகிற வீடு, கசாப்புக் கடையில் தோலுரித்துத் தொங்கும் காளை என்று படம் எதுவானாலும் முதலில் வாய் திறப்பவர் அவர்தான். டீச்சரும் மற்றவர்கள் திணறும்போது, "டாக்டர் சார் என்ன சொல்றாரு?" என்று திரும்புவாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் உயிரையே விடுவார்.

வீட்டிலும் பார்க்கிற பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒரு காலையில் மேஜைமேல் இருந்த செய்தித்தாளை எடுக்கக் கையை நீட்டினார். எதிரே நின்ற மனைவியின் கழுத்து சட்டென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கண் பாதி மூடியது, கையில் இருந்த கரண்டி மார்புக்கு முன்னால் ஏறியது. அத்தனையும் அவர் பார்த்தார். அவர் அவளைத் தொட்டு அடித்து எத்தனையோ காலம் ஆகிறது. கல்யாணமான புதிதில் கொஞ்சம் கை நீண்டதுதான்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்கிற படிக்கு அவர் போகவில்லை. படத்தில்தான் போவார்.

விசாரணைக்கு முந்தின நாள் கடைசி வகுப்பு. காலையிலேயே மச்சினன் போன் பண்ணிவிட்டான். போர்டுக்காரன் நாளைக்கு வருவது நிச்சயமாம், என்ன சொல்லப்போகிறான் என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லையாம். டாக்டர் அன்றைக்கு வழக்கத்தைவிட அரை மணி முன்னாலேயே கிளம்பிவிட்டார். ஓவியக் கூடத்தின் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. இங்கேயாவது அவருக்கு மரியாதை இருக்கிறது.

டீச்சர் அவர்களைப் புதிதாகத் திறந்திருந்த பின்கட்டு அறைக்கு அழைத்துப் போனாள். ஒரே ஒரு படம்தான். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் பெஞ்சில் பொதுமக்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்குப் படத்தோட பேரு, வரைஞ்சவர் பேரு எதையும் சொல்ல மாட்டேன். வரைஞ்சவர் இந்த ரூம்லயே இருக்கார். உங்க கிளாஸுக்கு இந்தப் படத்தக் காட்டச் சொல்லி அவரே கேட்டுக்கிட்டார். கடைசியில அறிமுகப்படுத்தறேன். இப்பவே ஆளத் தெரிஞ்சா ஆளப் பாப்பீங்க, படத்தப் பாக்க மாட்டீங்க. ம், ஆரம்பிக்கலாம். என்ன இருக்கு?"

விசித்திரமான படம். பாதிக்குமேல் வெறும் தரை. முன்னால் ஒரு தகரக் குவளை கவிழ்ந்து கிடந்தது. எறும்பின் கண்ணுக்குத் தெரிவதுபோல அது மலையாக நின்றது. அதற்குப் பின்னால் மல்லாந்த ஒரு கை, பாதி முகம். அப்புறம் பூட்ஸ் கால்கள், தூண் தூணாக. இரண்டு ஆட்கள். அவர்கள் தலை படத்துக்குள் அடங்கவில்லை. ஒருவனின் ஓங்கிய கை மட்டும் மேலே தெரிந்தது. தூரத்தில், சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, தலை குனிந்து ஒரு நெட்டை மனிதன். அவனுக்கும் மேலே அந்தரத்தில் ஒரு சின்னச் சதுரம். அறை முழுக்கக் காய்ந்த ரத்தத்தின் நிறம். அந்த முதுகில் மட்டும் மஞ்சளாக வெளிச்சம்.

"மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு" என்றார் தொந்தி.

டாக்டருக்கும் அது என்ன இடம் என்று பிடிபடவில்லை. கொட்டகையா, குடோனா? எதுவாயிருந்தால் என்ன, வேலையை ஆரம்பித்தார்.

"குவளை கவுந்து கெடக்கு. தண்ணி ஓடியிருக்கு. ஓரத்துல செவப்பு கலந்திருக்கு, ஆனா கலங்கல. அப்ப ரத்தம் முன்னாடியே தரையில இருந்திருக்கு, தண்ணி பின்னாடி ஊத்தியிருக்கு. இந்தக் கை மல்லாந்திருக்கு. விரல் மடங்கல. வலிக்கும்போது விரல் மடங்கும் மேடம். மடங்கலைன்னா ஆளுக்கு நெனவு பாதிதான் இருக்கு. மணிக்கட்டுல கோடு. கட்டி வெச்சிருந்து அவுத்திருக்காங்க. உதடு கிழிஞ்சிருக்கு, அது கைமுட்டியில அடிச்சது. மோதிரம் போட்ட கை."

"ரொம்பச் சரி. அடுத்து, கண்ணு மொதல்ல எங்க போச்சு?"

"அந்த முதுகுக்கு" என்றாள் எஸ்.ஐ. அம்மாள். "வெளிச்சம் அங்கதான் இருக்கு. தரையில ஓடற கோடெல்லாம் அங்கதான் போய் முடியுது."

"வரைஞ்சவர் உங்கள ஏன் அங்க இழுத்துக்கிட்டுப் போறார்?"

எஸ்.ஐ. அம்மாள் படத்துக்கு ஓரடி கிட்டே போனாள். "அவன் ஒருத்தன்தான் அடிக்கல. அவனால பாக்க முடியல. திரும்பிக்கிட்டு அழறான்."

"ஆமாங்க" என்றார் தொந்தி. "முகத்த மூடிக்கிட்டு அழறான். நல்ல மனுசன். எங்கயாச்சும் ஒருத்தன் இப்படியும் இருக்கத்தானே செய்யறான்."

பின் பெஞ்சில் தொப்பி போட்ட தாடிக்காரன் ஒருவன் முன்னால் குனிந்தான். தொந்தி சொன்னதைக் கேட்டு அவன் கண் கலங்கியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

"டாக்டர் சார் என்ன சொல்றாரு?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"அழுகையா? நல்லா அழுதான் போங்க! மேடம், நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, இருக்கிறத மட்டும் பாருன்னு. இவங்க மனசுல இருக்கிறதப் படத்துல பாக்கறாங்க. முழங்கையப் பாருங்க. அழறவனுக்கு முழங்கை விலாவோட ஒட்டிக்கும். நானும் எத்தனை பேரு அழுது பாத்திருக்கேன்! இவனுக்கு ரெண்டு முழங்கையும் வெளிய தள்ளி நிக்குது. எப்ப அப்படி நிக்கும்? இருங்க, காட்டறேன்."

விறுவிறுவென்று பக்கத்துச் சுவருக்குப் போனார். முதுகைக் காட்டி நின்றுகொண்டார். இரண்டு கையாலும் எதையோ முறுக்கிப் பிழிந்தார். பிறகு மார்புக்கு முன்னால் எதையோ நீளமாகப் பிடித்து, தலையைக் குனிந்து, அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். முழங்கைகள் இரண்டும் இறக்கை மாதிரி விரிந்தன. படத்தில் ஒரு முதுகு, சுவருக்கு முன்னால் ஒரு முதுகு. அச்சு அசலாக ஒன்றுதான்.

"தெரியுதா? ஈரத் துணியப் பிழிஞ்சு இரும்பு பைப்புல சுத்தறான். ஈரத் துணி சுத்தின பைப்பு தோல்ல தடம் விடாது. உள்ளதான் எல்லாம் உடையும். தலை ஏன் குனிஞ்சிருக்கு? மடிப்பு விழாமச் சுத்தணும். மடிப்பு விழுந்தா கோடு பதிஞ்சுடும், அப்புறம் பதில் சொல்லணும். அவன் பாக்க முடியாமத் திரும்பல மேடம், பைப்பு சுவத்துல அந்த ஆணியில தொங்கிட்டிருந்துச்சு, எடுக்கத் திரும்பினான். இதுவரைக்கும் அந்த ரெண்டு பசங்க பண்ணது சும்மா கைவேலை. இனிமேத்தான் நிஜ வேலையே இருக்கு. நாலே அடி, இடுப்புக்கு மேல, முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும். கீழ கெடக்கிறவன் அதுக்கு மேல தாங்க மாட்டான். போயிடுவான்."

சொல்லி முடித்து, மூச்சு வாங்கத் திரும்பினார். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்த முகம் அது. தொந்தி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. அம்மாள் டாக்டரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. டீச்சரின் முகம் வெளுத்திருந்தது.

"உங்களுக்கு இது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "எப்படி சார் இவ்வளவு நிச்சயமா..."

"எல்லாம் பழக்கந்தான் மேடம்" என்றார் டாக்டர் அடக்கத்தோடு. "தீர்ப்பும் சொல்லிடறேன். முதல் தரமான படம். வரைஞ்சவன் பாத்தத அப்படியே போட்டிருக்கான், ஒரு இம்மி நகத்தல. அந்த ஆணியக்கூடப் பாருங்களேன், எவ்வளவு சுத்தமா..."

ஆணியைச் சுட்டிக்காட்டப் படத்துக்குப் பக்கத்தில் போனார். நெட்டை மனிதனின் தோளுக்கு மேலே, நிழலில், பெரிய ஆணி ஒன்று. அடிக்கும்போது சுத்தி நழுவியதில் அது இடப்பக்கம் மடங்கியிருந்தது. மடங்கினதை நிமிர்த்தாமல் அப்படியே அடித்து இறக்கியிருந்தார்கள். அதைச் சுற்றிக் காரை பெயர்ந்து, பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு.

அந்த ஆணியை அடித்தவர் டாக்டர்தான். அந்தத் தழும்பைத் தினமும் பார்த்தவர் அவர். அவர் பார்த்ததெல்லாம் நின்றுகொண்டு, கண் மட்டத்தில். அந்த அறையைத் தரையில் கிடந்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேலே அந்தரத்தில் தெரிந்த சின்னச் சதுரம் ஜன்னல். அந்தக் கம்பி. மோதிரம் போட்ட அந்தக் கை கான்ஸ்டபிளுடையது. மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கிற முதுகு...

"நீங்க அழலையா சார்?"

பின்னாலிருந்து குரல் வந்தது. தொப்பிக்காரன் எழுந்து நின்றிருந்தான். அந்த முகம் டாக்டருக்கு ஞாபகம் இல்லை. வீங்கி, கருத்து, கண் இருக்கிற இடம் தெரியாமல் இருந்த முகத்தைத்தான் அவர் பார்த்திருந்தார். குரல் ஞாபகம் இருந்தது. இரண்டு ராத்திரி முழுக்க 'மாமாவ விட்டுருங்க சார்' என்று கத்திய குரல்.

"இவர்தான் வரைஞ்சவர்" என்றாள் டீச்சர். பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

போர்டுக்காரன் மெதுவாக நடந்து வந்தான். ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. "உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன் சார். இந்தக் கிளாஸுக்கு வரீங்கன்னு கேள்விப்பட்டு, நானா கேட்டு இந்தப் படத்தக் காட்டச் சொன்னேன். அன்னைக்கு எனக்குக் கண்ணு ஒரு கீத்துதான் தெறந்துச்சு. அதுல உங்க முதுகு தெரிஞ்சுது. ரெண்டு பேரு அடிக்கிறான், ஒருத்தர் மட்டும் திரும்பிக்கிட்டு அழறாருன்னு நெனச்சேன். அப்புறம் மயக்கம் வந்துருச்சு. வெளிய வந்ததுக்கப்புறம் மனுசங்களயே பாக்கப் பிடிக்கல. அந்த முதுக நெனச்சுத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். போலீஸ்லயும் ஒரு மனுசன் இருந்தாரு, அவருக்கும் தாங்கலன்னு அக்காகிட்டச் சொல்லிச் சொல்லி அவள உயிரோட வெச்சிருக்கேன். நாளைக்கு ஜட்ஜுகிட்ட அதைத்தான் சொல்ல இருந்தேன். பெரியவரு கை வைக்கல, அழுதாருன்னு."

டாக்டரின் காதில் ரத்தம் இரைந்தது. பிழைக்கிற வழி இவ்வளவு நாளும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

"அது சரிதான்பா. அழுதேன். சத்தியமா அழுதேன்" என்றார். "இப்ப நான் சொன்னது பொதுவா... பைப்பப் பத்திப் பேசினது ஒரு பேச்சுக்கு... படத்தப் பாத்தா அப்படித் தோணுச்சு. மேடம், படத்துக்கு ஆயிரம் அர்த்தம் இருக்கும்னு நீங்க சொன்னீங்கள்ல? சொல்லுங்களேன் மேடம்!"

டீச்சர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள்.

போர்டுக்காரன் அவரைப் பார்க்கவில்லை. அவன் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முழங்கைகளை, கவிழ்ந்த குவளையை, புதிதாக யாரோ வரைந்து வைத்ததைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"மாமா தண்ணி கேட்டாரு" என்றான். "நீங்க குவளையோட உள்ள வந்தீங்க. குடிக்கக் கொண்டுவரீங்கன்னு நெனச்சேன். துணிய நனைக்கவா சார்?"

"டேய், சொல்றதக் கேளு..."

"துணிய நனைக்கவா?"

டாக்டரின் கை போய்விட்டது. அவர் அனுப்பவில்லை, அதுவாகப் போயிற்று. வாழ்நாளில் முதல் தடவையாகக் கோபத்தோடு அடித்தார். அதனால் தடம் விழுகிற இடத்திலேயே விழுந்தது. போர்டுக்காரனின் தொப்பி பறந்தது, தலை சுவரில் மோதியது, மூக்கு உடைந்து ரத்தம் தாடியில் இறங்கியது. சரிந்து தரையில் உட்கார்ந்தான். டாக்டர் காலைத் தூக்கி விலாவில் மிதித்தார். ஏதோ ஒன்று முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. டீச்சர் அலறிக்கொண்டு நடுவில் விழுந்தாள். அவளுக்கும் முழங்கையால் ஒன்று கிடைத்தது. அதற்குள் எஸ்.ஐ. அம்மாள் பின்னாலிருந்து டாக்டரின் கழுத்தை வளைத்துப் பிடித்தாள், தொந்தி அவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். இரண்டு பேரும் அந்தப் பிடியில் பழகினவர்கள். அவரால் அசைய முடியவில்லை.

போர்டுக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டு, டீச்சர் நீட்டிய கைக்குட்டையை வாங்கி மூக்கில் வைத்தான். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது அடி வாங்கியதால் வந்த தண்ணீர் இல்லை.

"படத்துல தப்பு இல்ல மேடம்" என்றான் அவளிடம். "இருந்ததத்தான் வரைஞ்சிருக்கேன். நாந்தான் அதத் தப்பாப் பாத்துட்டேன். இவர் சரியாச் சொல்லிட்டாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அக்காகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஜட்ஜுகிட்ட சொல்லிடலாம். அக்காகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

அவன் தொப்பியை எடுக்காமல், காலை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான்.

"அண்ணே!" என்றார் டாக்டர். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவன் அவன். கழுத்து எஸ்.ஐ. அம்மாளின் பிடியில் இருந்ததால் குரல் பிசிறியது. "அண்ணே, ஒரே ஒரு நிமிஷம். வீட்டுல பொண்டாட்டி இருக்கா அண்ணே. தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணே."

லாக்கப்பில் முதல் அடி விழுவதற்கு முன்னால் எல்லாரும் அவரிடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். யாராவது முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. போர்டுக்காரன் நின்றான். அவர் சொன்னதையெல்லாம் கடைசி வார்த்தைவரை கேட்டான். கேட்டுவிட்டுத்தான் வெளியே போனான்.